கர்ப்பம் என்று சொன்னதும் பிப் (PIP, வேலைத்திறன் மேம்பாட்டுத் திட்டம்), இப்போது ராஜினாமா கேட்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

துரைப்பாக்கத்துப் பெண்:
எல்லோருக்கும் வணக்கம். சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் லீடாக (மென்பொருளைச் சோதிக்கும் குழுவில் மூத்தவராக) இருக்கிறேன். சேர்ந்து நான்கு வருடம் பத்து மாதம் ஆகிறது. இதுவரை எல்லா அப்ரைசலிலும் நல்ல ரேட்டிங்தான். மூன்றாம் மாதம் முடிந்ததும் கர்ப்பமாக இருப்பதை மேனேஜருக்கும் எச்.ஆருக்கும் மெயிலில் தெரிவித்தேன். அதற்கு அடுத்த மாதமே என்னை பிப்பில் போட்டார்கள். காரணம் என்று "ஓனர்ஷிப் போதவில்லை" (வேலையைப் பொறுப்பேற்றுச் செய்வதில்லை) என்ற ஒரே வரி, எந்த வேலையில், எந்தத் தேதியில் என்று எதுவும் இல்லை. நேற்று மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டு, போனை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லி, இரண்டு பேர் உட்கார்ந்து பேசினார்கள். நானாக ராஜினாமா செய்தால் இரண்டு மாதச் சம்பளமும் நல்ல ரிலீவிங் லெட்டரும் தருவார்களாம், இல்லையென்றால் டெர்மினேட் செய்வார்களாம், அடுத்த கம்பெனியில் சரிபார்க்கும்போது அதுதான் தெரியும் என்றார்கள். திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை, யோசிக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் மாமியார் உட்பட எல்லோரும் "உடம்புதான் முக்கியம், எழுதிக் கொடுத்துவிடு" என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. சட்டம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

வேளச்சேரிவாசி:
சகோதரி, கேட்கக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் நேராகச் சொல்கிறேன், பணத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். ஐந்து மாதத்தில் இந்த டென்ஷன் வேண்டாம். லேபர் கோர்ட் என்று போனால் குழந்தை பள்ளிக்கூடம் போகும்வரை இழுக்கும். அதோடு நீங்கள் லீட், சம்பளமும் அதிகம் இருக்கும், தொழிலாளர் சட்டம் எல்லாம் உங்களுக்குப் பொருந்தாது என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

முன்னாள் எச்.ஆர்:
தோழி, கையெழுத்துப் போடாதீர்கள். அந்த அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் நிறைய வருடம் உட்கார்ந்தவள் என்பதால் சொல்கிறேன். அவர்களுக்கு வேண்டியது நீங்கள் போவது மட்டும் இல்லை, நீங்களாகப் போனதாக ஒரு காகிதம். அந்தக் காகிதம் கிடைத்துவிட்டால் காரணம் காட்ட வேண்டாம், நோட்டீஸ் வேண்டாம், விசாரணை வேண்டாம், ஆட்குறைப்பு இழப்பீடு வேண்டாம், மகப்பேறு விடுப்புச் சம்பளமும் வேண்டாம். நாளை நீங்கள் எங்கே போய்ச் சொன்னாலும் "அவங்களே ரிசைன் பண்ணாங்க" என்ற ஒரு வரியோடு முடித்துவிடுவார்கள். அப்புறம் மிரட்டித்தான் வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் வந்து விழும், பூட்டிய அறைக்குள் நடந்ததை எப்படி நிரூபிப்பீர்கள்?

டெர்மினேட் செய்வோம் என்று வாயால் சொல்வது சுலபம். காகிதத்தில் எழுதக் கம்பெனி வக்கீலிடம் கேட்க வேண்டும், காரணம் எழுத வேண்டும், அந்தக் காரணத்துக்கு ஆதாரம் வேண்டும். போன வருடம் வரை நல்ல ரேட்டிங், கர்ப்பம் என்று சொன்ன மெயில், அடுத்த மாதம் பிப். இந்த வரிசையை எந்த அதிகாரி முன்னால் வைத்தாலும் கம்பெனிக்குச் சங்கடம். அதனால்தான் திங்கட்கிழமை என்று அவசரப்படுத்துகிறார்கள். அந்தத் தேதிக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை.

பாரிமுனை வக்கீல்:
சென்னையில் தொழிலாளர் வழக்குகள் நடத்துகிறேன். மேலே சொன்ன அம்மா சரியாகச் சொல்லியிருக்கிறார், அதற்குச் சட்டக் காரணத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் பலரும் நம்பும் ஒரு விஷயம். நம் நாட்டில் தனியார் வேலையில் "என்னைப் பாகுபாடு செய்தார்கள்" என்று ஒரே வார்த்தையைச் சொல்லி வழக்குப் போட ஒரு பொதுச் சட்டம் கிடையாது. அரசியல் சட்டத்தின் 16ஆவது பிரிவு அரசு வேலைக்குத்தான். தனியார் ஊழியருக்கு என்ன காரணத்துக்காக நடந்தது என்பதைப் பொறுத்து வேறு வேறு சட்டம். பெண் என்பதற்காகச் சம்பளத்திலோ வேலைக்கு எடுப்பதிலோ என்றால் சம ஊதியச் சட்டம் 1976, இப்போது அது ஊதியச் சட்டத் தொகுப்பு 2019-க்குள் வந்துவிட்டது. கர்ப்பம் என்றால் மகப்பேறு நலச் சட்டம் 1961, அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-க்குள். இந்தத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. கோர்ட்டிலும் அலுவலகங்களிலும் பழைய பெயரையும் சேர்த்தே சொல்வார்கள், குழம்ப வேண்டாம், உள்ளே இருக்கும் உரிமை பெரும்பாலும் அதேதான்.

கர்ப்பிணியை வேலையை விட்டு நீக்கவே முடியாது என்று சிலர் சொல்வார்கள். சட்டம் சொல்வது அதைவிடச் சிக்கலானது. மகப்பேறு விடுப்பில் இருக்கும்போது, அல்லது அந்த விடுப்பு எடுத்தார் என்பதற்காக, நீக்கினால் அது சட்டவிரோதம். கர்ப்ப காலத்தில் விடுப்புக்கு முன்பே நீக்கினால், அந்த நீக்கம் மகப்பேறுப் பலனைப் பறிக்காது. அதாவது வேலை போனாலும் 26 வாரச் சம்பளத்தைக் கொடுத்தாக வேண்டும். அதை மறுத்தால் 60 நாளுக்குள் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். கடுமையான ஒழுங்கீனம் என்று எழுத்துப் பூர்வமாகச் சொன்னால்தான் அதிலிருந்து தப்ப முடியும், ஓனர்ஷிப் போதவில்லை என்பது அந்த வகையில் வராது. எதிர்பார்க்கும் பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம், அதற்கு மேல் 12 வாரம்.

இந்தப் பாதுகாப்பு எல்லாம் "நீக்கினால்" என்ற சொல்லில் தொங்குகிறது என்பதைக் கவனியுங்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்த நிமிடம் நீக்கம் என்பதே இல்லாமல் போய்விடுகிறது. உங்கள் வழக்கின் உயிரே அந்த ஒரு கையெழுத்தில் இருக்கிறது.

அடுத்து வேளச்சேரி நண்பர் கேட்டது. லீட் என்ற பட்டத்தை வைத்து எதுவும் முடிவாவதில்லை. தினமும் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். நீங்களே டெஸ்ட் எழுதி ஓட்டுகிறீர்கள், ஆள் எடுக்கவோ நீக்கவோ விடுப்பு அனுமதிக்கவோ அதிகாரம் இல்லை என்றால் பழைய தொழில் தகராறு சட்டத்தின்படி, இப்போது அதற்குப் பதிலாக வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2020-இன்படி, தொழிலாளி என்று வாதாட நன்றாகவே இடம் உண்டு. ஐ.டி. ஊழியர்களுக்கும் தொழிலாளர் சட்டங்கள் பொருந்தும், சங்கம் வைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்தியது. அதற்கு முந்தைய வருடம், 2015 சனவரியில், பெரிய ஆட்குறைப்பு நடந்தபோது சென்னையில் கர்ப்பமாக இருந்த ஒரு ஊழியர் உயர் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வாங்கினார், நிறுவனம் நீக்க உத்தரவைத் திரும்பப் பெற்றது.

அது போக இன்னொரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, பிரிவு 41. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த யாரையும் நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது. ஒழுங்கீனம் என்றால் விசாரணை நடத்தி ஆதாரத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். இதில் சம்பள உச்சவரம்பு கிடையாது, நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. இது மாநிலச் சட்டம், புதிய தொகுப்புகள் இதைத் தொடவில்லை. அப்பீல் தொழிலாளர் துறை அதிகாரியிடம் போகும். காலவரம்பு குறுகியது, நீக்க உத்தரவு கைக்கு வந்த வாரமே ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

துரைப்பாக்கத்துப் பெண்:
ரொம்ப நன்றி சார், நன்றி அக்கா. இன்று ராத்திரி நான் என்ன செய்ய வேண்டும்? மீட்டிங் நடந்ததற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. காலண்டரில் "கேட்ச் அப்" என்று ஒரு இன்வைட் மட்டும் இருக்கிறது.

பாரிமுனை வக்கீல்:
அந்த இன்வைட் போதும், அதைப் போட்டோ எடுத்து வையுங்கள். இன்றே எச்.ஆருக்கும் மேனேஜருக்கும் ஒரு மெயில் போடுங்கள், உங்கள் சொந்த மெயிலுக்கு ஒரு நகலோடு. ஆங்கிலத்தில் எழுதுங்கள், சாரம் இதுதான்: "இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன அறையில் நீங்கள் இருவரும் என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள், செய்யாவிட்டால் நீக்குவதாகச் சொன்னீர்கள். எனக்கு ராஜினாமா செய்யும் எண்ணம் இல்லை. நான் கர்ப்பமாக இருப்பதை இன்ன தேதியில் தெரிவித்தேன். தொடர்ந்து வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். பிப்பில் சொன்ன குறைகளை உதாரணத்தோடு எழுத்தில் தாருங்கள்." அவ்வளவுதான். கோபமான வார்த்தை ஒன்றும் வேண்டாம், சட்டப் பிரிவும் வேண்டாம், வக்கீல் எழுதிக் கொடுத்த வாடை வரக் கூடாது.

பிறகு உங்களுக்குச் சொந்தமான காகிதங்களை எடுத்து வையுங்கள். ஆஃபர் லெட்டர், அப்ரைசல் கடிதங்கள், சம்பளச் சீட்டு, பாராட்டு மெயில், பிப் கடிதம், கர்ப்பம் தெரிவித்த மெயில். கிளையன்ட் ஆவணம், கோட் எதையும் தொடாதீர்கள், அதையே ஒழுங்கீனம் என்று எழுதி உங்களை மாட்டிவிடுவார்கள். வாட்ஸ்அப் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மட்டும் போதாது, அந்த போனையே பத்திரமாக வைத்திருங்கள். 2024 சூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி மின்னணு ஆதாரத்தோடு சான்றிதழ் தர வேண்டும், மூலப் போன் கையில் இருந்தால் சுலபம்.

முன்னாள் எச்.ஆர்:
இன்னொன்று தோழி. இனி அப்படிக் கூப்பிட்டால் "என்ன விஷயம் என்று மெயிலில் சொல்லுங்கள், தயாராக வருகிறேன்" என்று பதில் போடுங்கள். உள்ளே போனபின் லேப்டாப்பில் ராஜினாமா பக்கத்தைத் திறந்து "சப்மிட் பண்ணுங்க" என்பார்கள். பல பேர் அப்படித்தான் மாட்டினார்கள், காகிதத்தில் கையெழுத்துப் போடவில்லை என்ற நினைப்பில் ஒரு பட்டனை அழுத்திவிட்டார்கள். தலை சுற்றுகிறது, டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று எழுந்து வந்துவிடுங்கள், கர்ப்பிணியை யாரும் தடுத்து உட்கார வைக்க முடியாது.

வேளச்சேரிவாசி:
நான் பயமுறுத்தச் சொல்லவில்லை, தப்பாக நினைக்காதீர்கள். என் நண்பர் ஒருவர் வழக்குப் போட்டு ஜெயித்தார், ஆனால் அதற்குள் அவர் வாழ்க்கை வேறு எங்கோ போய்விட்டது. அந்தக் கோபத்தில்தான் எழுதினேன். இவ்வளவு சட்டம் இருந்தும் ஒரு பெண் ஐந்தாம் மாதத்தில் இப்படி உட்கார்ந்து மெயில் தயாரிக்க வேண்டியிருக்கிறது என்றால், அந்தச் சட்டத்தால் யாருக்கு என்ன பயன்? அதோடு ஒரு நியாயமான கேள்வி, அவர்கள் கொடுக்கும் தொகையைப் பேசி உயர்த்தினால் என்ன தப்பு?

பாரிமுனை வக்கீல்:
தப்பே இல்லை, தாமதம் பற்றி நீங்கள் சொல்வதும் உண்மை. தொழிலாளர் நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் ஆகிறது, ஆகாது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பேரம் பேசப் போவதற்கு முன் கையில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். அவர்கள் தருவது இரண்டு மாதம். சட்டப்படி மகப்பேறு விடுப்புச் சம்பளம் மட்டுமே 26 வாரம், அது ஆறு மாதம். அதன் மேல் நோட்டீஸ் காலச் சம்பளம், மீதி விடுப்புக்கான காசு, அப்புறம் கிராஜுவிட்டி (பணிக்கொடை).

கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடம் வேண்டும், உங்களுக்கு நான்கு வருடம் பத்து மாதம்தானே என்று சொல்லுவார்கள். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அதுவும் ஒரு வருடம்தான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998-இல் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொல்லியிருக்கிறது. கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருடத்தால் பெருக்குங்கள். கிட்டத்தட்ட அதுதான் தொகை. வேலை முடிந்த 30 நாளுக்குள் தர வேண்டும்.

எல்லோரும் மறந்துபோகும் இன்னொன்று மருத்துவக் காப்பீடு. கம்பெனியின் குரூப் இன்சூரன்ஸ் வேலையோடு சேர்ந்தே போகும். தனியாக ஒரு பாலிசி எடுத்தால் பிரசவத்துக்குக் காத்திருப்புக் காலம் உண்டு, இந்தக் குழந்தைக்கு அது உதவாது. புதிதாக வேறு வேலையில் சேர்ந்தாலும் 80 நாள் ஆகவேண்டும். ஆகவே இரண்டு மாதச் சம்பளம் என்பது கொடுக்க வேண்டியதில் ஒரு துண்டு, அதை இவர்கள் பரிசு மாதிரிக் காட்டுகிறார்கள். பேசி முடிப்பதென்றால் இதையெல்லாம் சேர்த்து எழுத்தில் வாங்கி, வக்கீல் படித்த பிறகு, பணம் வரும் தேதியையும் போட்டுக் கையெழுத்திடுங்கள்.

அம்பத்தூர் தோழர்:
அம்மா, நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் சங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வக்கீல் ஐயா சொன்னதில் குறை இல்லை. தனியாக நிற்காதே என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். பிரிவு 41 அப்பீலும் மகப்பேறு முறையீடும் தொழிலாளர் துறையில்தான் ஆரம்பம், தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் போய்க் கேட்டால் உன் பகுதிக்கு எந்த அதிகாரி என்று சொல்லுவார்கள். சமரச அதிகாரியிடம் மனு கொடுத்து 45 நாள் ஆகியும் முடியவில்லை என்றால் தொழிலாளி நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். முன்பு நீக்கிய நாளிலிருந்து மூன்று வருடம் அவகாசம் இருந்தது, புதிய தொகுப்பில் இரண்டு வருடமாகக் குறைத்துவிட்டார்கள்.

செலவுக்குப் பயப்படாதே. பெண்களுக்கும், தொழிலாளர்களுக்கும், தாழ்த்தப்பட்ட பழங்குடி மக்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்று 1987-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. இலவசச் சட்ட உதவிக்கு 15100 எண்ணுக்குப் போன் செய். ஐ.டி. பிள்ளைகளுக்கென்றே சென்னையில் ஃபைட், யுனைட் என்று அமைப்புகள் இருக்கின்றன, போய்ப் பேசு. உன் மாதிரி அதே கம்பெனியில் இன்னும் இரண்டு பெண்கள் இருப்பார்கள், தேடிப் பார். இரண்டு பேர் சேர்ந்து நின்றாலே நிர்வாகத்தின் குரல் இறங்கும், அதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

துரைப்பாக்கத்துப் பெண்:
மெயில் அனுப்பிவிட்டேன். இன்று பதில் வந்தது. "ராஜினாமா செய்யும்படி யாரும் உங்களிடம் கேட்கவில்லை, அது வழக்கமான வேலைத்திறன் உரையாடல்" என்கிறார்கள். முகத்தைப் பார்த்துப் பேசியதை இல்லை என்கிறார்களே என்று அழுகையாக வந்தது. இனி என்ன?

பாரிமுனை வக்கீல்:
அழ வேண்டாம் அம்மா, இது உங்களுக்கு நல்ல பதில். நாளைக்கு "வாய்வார்த்தையாக ராஜினாமாவுக்கு ஒப்புக்கொண்டார்" என்று அவர்கள் சொல்லவே முடியாது, அந்தக் கதவை அவர்களே எழுத்தில் அடைத்துவிட்டார்கள். திங்கட்கிழமைக் கெடுவும் அதோடு போச்சு. "விளக்கத்துக்கு நன்றி, ராஜினாமா கேட்கப்படவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன், பிப் குறைகளுக்கான உதாரணங்களுக்குக் காத்திருக்கிறேன்" என்று இரண்டு வரி பதில் போடுங்கள். வழக்கம்போல வேலைக்குப் போங்கள், டெலிவரி செய்வதை எல்லாம் மெயிலில் காட்டுங்கள். ஒருவேளை லாகினைத் துண்டித்தால் அன்றே "வேலைக்குத் தயாராக இருக்கிறேன், உள்ளே நுழைய முடியவில்லை" என்று சொந்த மெயிலிலிருந்து எழுதுங்கள், இல்லையென்றால் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார் என்று கதை கட்டுவார்கள். இப்போதே 26 வார விடுப்புக்கான நோட்டீஸையும் எதிர்பார்க்கும் தேதியோடு கொடுத்துவிடுங்கள். பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் எட்டு வாரம் எடுக்கலாம்.

பெயர் வேண்டாம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் விஷயம் வேறு, சாதி. தரமணிப் பக்கம் ஒரு அலுவலகம். ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு டீம் லஞ்சுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள், அப்புறம் கிளையன்ட் காலில் இருந்து எடுத்தார்கள், அப்ரைசலில் "கல்ச்சர் ஃபிட் இல்லை" (அலுவலகப் பழக்கவழக்கத்துக்குப் பொருந்தவில்லை) என்று எழுதினார்கள். யாரும் சாதிப் பெயர் சொல்லித் திட்டவில்லை. இதற்கு ஏதாவது வழி உண்டா?

பாரிமுனை வக்கீல்:
மனம் வலிக்கிறது நண்பரே. நேர்மையாகச் சொல்கிறேன், நம் சட்டத்தில் இருக்கும் பெரிய ஓட்டை இதுதான். 1989-ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிறர் பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்று அவமதித்தால் பிடிக்கும். லஞ்சுக்குக் கூப்பிடாததையும் ரேட்டிங் குறைத்ததையும் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவருவது கடினம். தனியார் வேலையில் சாதிப் பாகுபாட்டுக்கென்று சட்டம் வேண்டும் என்று எங்களைப் போன்றவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறோம், இன்னும் வரவில்லை. ஆனால் வேலையை விட்டு நீக்கினால் பிரிவு 41 உங்களுக்கும் உண்டு. "கல்ச்சர் ஃபிட் இல்லை" என்பது நியாயமான காரணமா என்று அங்கே அவர்கள்தான் விளக்க வேண்டும். கேள்வி கேட்டவர் யார், எப்போது, யார் கூட இருந்தார்கள் என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். எந்த நாளாவது ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் அன்றே நேராக வாருங்கள். உங்களுக்கும் இதே அறிவுரைதான், எழுதிக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்.

உஸ்மான் ரோடு:
என் தங்கை துணிக்கடையில் சேல்ஸில் இருக்கிறாள். நாள் பூரா நின்றுகொண்டே இருந்தாள், 2021-இல் தமிழ்நாட்டில் உட்கார இருக்கை கொடுக்கச் சட்டம் வந்த பிறகுதான் ஸ்டூல் போட்டார்கள், கூட்டமான நாளில் அதையும் எடுத்துவிடுகிறார்கள். கல்யாணம் ஆனதும் "இனி வேண்டாம்மா, வேலையை விட்டு நின்னுக்கோ" என்று சொல்லிவிட்டார்கள். கடை வேலைக்கும் மேலே சொன்னது பொருந்துமா?

அம்பத்தூர் தோழர்:
பொருந்தும் தம்பி. பெயரே கடைகள் சட்டம்தானே. ஆறு மாதம் தாண்டியிருந்தால் பிரிவு 41 உண்டு. கல்யாணம் நியாயமான காரணம் ஆகாது. 2024 சூனில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஐபோன் தயாரிக்கும் ஆலையில் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி போட்டது ஞாபகம் இருக்கிறதா? நிறுவனம் மறுத்தது, ஆனாலும் மத்திய அமைச்சகம் சம ஊதியச் சட்டத்தின் 5ஆவது பிரிவைக் காட்டித் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. தங்கையிடம் சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை, வருகைப் பதிவு போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று பார், கடை வேலையில் அங்கே வேலை பார்த்தாள் என்று காட்டுவதே முதல் சண்டை.

சிறுசேரி இரவுப்பணி:
நானும் கர்ப்பம், நான்காம் மாதம். ஆனால் கம்பெனி பேரோலில் இல்லை, ஏஜென்சி மூலம் வந்த கான்ட்ராக்ட், சம்பளம் 19,000. கான்ட்ராக்ட் பிரசவத்துக்கு முன்னாலேயே முடிகிறது, புதுப்பிக்க மாட்டோம் என்கிறார்கள். எனக்கு ஒன்றும் கிடையாதா?

பாரிமுனை வக்கீல்:
உண்டு. நிரந்தரம் இல்லை என்பதால் மகப்பேறுப் பலன் இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2000-லேயே, டெல்லி மாநகராட்சி தினக்கூலிப் பெண்கள் வழக்கில் நிராகரித்துவிட்டது. ஒப்பந்தம் நடுவில் முடிந்தாலும், தகுதி வந்துவிட்டால் முழுக் காலத்துக்கும் பலன் தர வேண்டும் என்று 2023-இல் ஒரு டாக்டரின் வழக்கில் தெளிவாகச் சொன்னது. 2025 மே மாதம் நம் ஊர் அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில் மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் ஒரு பகுதி என்றது.

உங்கள் சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் பெரும்பாலும் இ.எஸ்.ஐ.யில் இருப்பீர்கள். அப்படியென்றால் 26 வாரத்துக்கான பணம் ஏஜென்சியிடமிருந்து வர வேண்டியதில்லை, இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷனே தரும். அதற்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 70 நாள் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். முதலில் இ.எஸ்.ஐ. இணையதளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு ஏஜென்சி உண்மையிலேயே கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுபவர்கள் உண்டு. கட்டவில்லை என்றால் சம்பளச் சீட்டோடு நுங்கம்பாக்கம் இ.எஸ்.ஐ. மண்டல அலுவலகத்தில் எழுத்துப் பூர்வமாகப் புகார் கொடுங்கள். கடிதம் ஏஜென்சிக்கு, நகல் நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனிக்கு. ஒப்பந்தம் முடியும் வரை எந்த "விருப்ப விலகல்" படிவத்திலும் கையெழுத்து வேண்டாம்.

சிறுசேரி இரவுப்பணி:
பார்த்தேன் சார், போன காலம் முழுக்கக் கட்டியிருக்கிறார்கள். நடப்புக் காலத்தில் இரண்டு மாதம் காட்டவில்லை.

பாரிமுனை வக்கீல்:
நடப்பு மாதங்கள் ஏறத் தாமதமாகலாம். இந்த மாதச் சம்பளச் சீட்டு வந்ததும் மறுபடி பாருங்கள், அப்போதும் இல்லையென்றால் புகார் மனுவை இங்கே போடுங்கள், பெயர் எண் எல்லாம் மறைத்துவிட்டு. நான் திருத்தித் தருகிறேன்.